ஆயுத பூஜைக்கு முந்தின நாள்

மஞ்சுளா அக்கா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது அவள் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் நடுவே பெரிய குங்குமப் பொட்டு. கையில் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம்.

நான் வீட்டு வாசலில் சாமந்தி மூட்டைகளின் மேல் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து பூப்பறித்த விரல்களில் அந்தக் கசப்பு வாசனை ஏறியிருந்தது. சாமந்தியின் வாசனை பூவில் இருப்பதைவிடத் தழையில்தான் அதிகம். சோப்புப் போட்டுக் கழுவினாலும் இரண்டு நாளைக்குப் போகாது.

“இந்தாடா, கை நீட்டு” என்று பொட்டலத்தைப் பிரித்தாள். பொரி, பொட்டுக்கடலை, நான்கைந்து வெல்லத் துண்டுகள். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

மென்றுகொண்டே கேட்டேன். “என்னாக்கா, இன்னிக்கே பொரி?”

“கம்பெனியில பூஜை முடிஞ்சிருச்சு இல்ல? மத்தியானத்தோட லைன நிறுத்திட்டாங்க. பூ வெச்சி, தேங்கா ஒடச்சி, பூசணிக்கா சுத்திப் போட்டு, ஆளுக்கொரு பொட்டலம்.”

“நாளைக்குத்தானே ஆயுத பூஜை?”

“நாளைக்கு லீவுடா. லீவு நாள்ல எவன் வந்து மெஷினுக்குப் பொட்டு வெச்சிகினு நிப்பான்?”

“எல்லாக் கம்பெனியிலயுமா?”

“எல்லாக் கம்பெனியிலயுந்தான். வர்ற வழியில பாத்தேன், ஒவ்வொரு கேட்டுலயும் வாழமரம் கட்டி மால போட்டிருக்காங்க.”

மெல்லுவதை நிறுத்திவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் இருபத்திரண்டு மூட்டை சாமந்தி இருந்தது. அத்தனையும் மறுநாள் காலை ஓசூர்க் கம்பெனிகளுக்குக் கொண்டுபோவதற்காக, என் பேச்சைக் கேட்டு அப்பா செடியிலேயே விட்டு வைத்திருந்த பூ.

சாமல்பட்டியிலிருந்து ஒரு கடிதம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, வேறொரு விஷயம் சொல்ல வேண்டும். கல்லூரிக்குப் போகிற தளி பஸ்ஸின் படிக்கட்டுப் பயணம் பற்றி இரண்டு வாரங்களுக்கு முன்பு இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சாமல்பட்டியிலிருந்து ஒரு தகப்பனார் கடிதம் போட்டிருக்கிறார். அவருடைய மகளுக்கு பி.ஏ. வணிகப் பொருளியலில் இடம் கிடைத்திருக்கிறதாம். ‘நீங்களும் அதைத்தான் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் தம்பி? எங்கள் ஊரில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை’ என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, எங்கள் ஊரிலும் ஆள் இல்லை. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. அக்கா பத்தாவதோடு நின்றாள். நான் கல்லூரியில் சேரப் போன அன்று பி.காம். நிரம்பிவிட்டது. அங்கிருந்த அலுவலர் தலையை நிமிர்த்தாமலே, “பிசினஸ் எகனாமிக்ஸ்ல இடம் இருக்கு, வேணுமா வேண்டாமா?” என்று கேட்டார். பின்னால் நீண்ட வரிசை. பிசினஸ் என்ற சொல் இருக்கிறதே, கெட்டதாக இருக்காது என்று வேணும் என்றேன். மூன்று வருஷத்தை நான் முடிவு செய்ய எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னபோது, “பிசினசுப் படிப்பா? நாம எங்கடா பிசினசு பண்றோம்?” என்றார். அம்மா அக்கம்பக்கத்தில் ‘பேங்குப் படிப்பு’ என்று சொல்லிவைத்தாள். ரொம்ப நாள் வரை, பேங்கில் என்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னோடு படித்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒருவன் கூட்டுறவு வங்கியில் இருக்கிறான், ஆக அம்மா சொன்னது பொய்யில்லை. ஒருத்தி தேர்வு எழுதி தாலுகா அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள். ரோஜாப்பூ ஏற்றுமதி செய்யும் பண்ணை ஒன்றில் ஒருவன் இருக்கிறான். காலையில் எழுந்ததும் டாலர் விலை பார்க்காமல் பல் துலக்க மாட்டான். பெங்களூரில் போன் போட்டு ‘எங்கள் பிஸ்கட் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா’ என்று கேட்கிற சர்வே வேலையில் இரண்டு பேர். மேலே எம்.ஏ. படித்து அதே பாடத்தை நடத்தப் போனவன் ஒருவன். இன்ஷூரன்ஸ் விற்கப் போய், படித்ததே தண்டம் என்று சொல்லித் திரிகிறவனும் உண்டு. அவனை விட்டுவிட்டு எழுதினால் உங்களுக்குப் பொய் சொன்னதாகிவிடும்.

நான் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில், திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். அடுத்த மாதம் எந்தப் பாகம் எத்தனை தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கூடச் சொன்னால் பெட்டி பெட்டியாகத் தேங்கும். குறைத்துச் சொன்னால் யாரோ ஒருவருடைய உற்பத்தி லைன் நின்றுபோகும். இந்த வேலையை நான் முதன்முதலில் செய்தது அந்தச் சாமந்தியில்தான். எவ்வளவு நன்றாகச் செய்தேன் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

சிலந்தி வலை

முதல் வருஷம் பாதி புரியவில்லை. மேகலா மேடம் கரும்பலகையில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, தேவை என்றும் அளிப்பு என்றும் இரண்டு சாய்ந்த கோடுகள் வரைவார். நான் அதைக் கோலம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் தக்காளி பற்றிச் சொன்னார். இந்த வருஷம் விலை ஏறுகிறது. அதைப் பார்த்து எல்லோரும் தக்காளி நடுகிறார்கள். எல்லோருடையதும் ஒன்றாகக் காய்க்கும்போது விலை விழுகிறது. அடுத்த முறை யாரும் நடுவதில்லை, மறுபடி ஏறுகிறது. அதைக் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போனார். பலகையில் ஒரு சிலந்தி வலை வந்துவிட்டது. அதற்குப் பெயரே சிலந்தி வலைக் கோட்பாடு என்றார்.

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியிலிருந்து அப்பா வெறும் கூடைகளோடு, யாரோடும் பேசாமல் திரும்பிவந்த நாட்கள் ஞாபகம் வந்தன. அப்பாவின் கோபத்துக்கு ஒரு படம் இருக்கிறது, அதை உலகத்தில் எங்கோ யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள்!

அன்று சாயங்காலமே தோட்டத்து ஈர மண்ணில் குச்சியால் அந்த வலையை வரைந்து அப்பாவுக்கு விளக்கினேன். மண்வெட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டு கடைசி வரை கேட்டார்.

“இது எனக்குத் தெரியாதாடா? மாட்டிகினு கெடக்கறவனே நாந்தான். இதப் படமா போடறதுக்கா தெனமும் பஸ்ஸேறிப் போற?”

மாமா கொண்டுவந்த வேலை

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் திம்மராயன் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஓசூரில் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வை வேலை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா வெங்காயம் கூடுதலாக நறுக்குவாள்.

“மாமா, ஒரு நல்ல எடம் வருது” என்று அப்பாவிடம் ஆரம்பித்தார். “மெஷின் ஷாப்புல ட்ரெய்னி. பத்தாவது போதும். கம்பெனி பஸ்ஸு, சாப்பாடு, நல்லா வேல செஞ்சா நிரந்தரம். ஆயுத பூஜ லீவு முடிஞ்சதும் சேரணும். மாதேசு பேர எழுதட்டுமா?”

“அவன் படிச்சிகினு இருக்கான்ல.”

“என்னா படிக்கறான்? அவனையே கேளுங்க. டேய், இதப் படிச்சிட்டு என்னா வேலைக்குப் போவ?”

சிலந்தி வலை என்றா சொல்வது?

ஆனால் மனசுக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அரை ஏக்கரில் சாமந்தி போட்டிருந்தோம். வழக்கமாகப் பண்டிகைக்கு நாலைந்து நாள் முன்பிருந்தே பறித்து, பெங்களூரு மார்க்கெட் வண்டிக்குப் போட்டுவிடுவோம். அங்கே என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் விலை. அதே பூவை அங்கிருந்து ஓசூர்க் கடைக்காரர்கள் வாங்கிவந்து கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்கள். பூ பெங்களூரு வரை போய் ஏன் திரும்பி வர வேண்டும்? நாமே ஓசூரில் நேராகக் கொடுத்தால் என்ன?

மாமா போன பிறகு அப்பாவிடம் சொன்னேன். அவர் பீடியை முடித்துத் தரையில் தேய்த்தார்.

“சரி. பூவ உன் கையில குடுக்கறேன். பூரா கம்பெனிக்கு வித்துட்டு வந்தீனா, படி. இல்லனா மாமாகூட வேலைக்குப் போயிரு. அப்புறம் மூஞ்சத் தூக்கக் கூடாது.”

“மாமாகிட்ட இதச் சொல்லாதப்பா” என்றேன். ஜெயித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பதினெட்டு வாசல்கள்

தேவையை முன்கணிப்பதற்கு மேகலா மேடம் பல வழிகள் சொல்லிக் கொடுத்திருந்தார். அதில் எளிமையானது, வாங்குகிறவர்களிடமே போய்க் கேட்பது. பன்னிரண்டு கேள்விகள் தயார் செய்தேன். எத்தனை மெஷின்? எத்தனை பிரிவு? மஞ்சள் சாமந்தியா, வெள்ளையா? உதிரிப்பூவா, கட்டின மாலையா? போன வருஷம் எங்கே வாங்கினார்கள்? பூ நன்றாக இருந்ததா?

கல்லூரி விட்டதும் தினமும் ஒரு தெருவாகத் தொழிற்பேட்டையைச் சுற்றினேன். நுழைவாயில் செக்யூரிட்டிகள்தான் என் வாடிக்கையாளர்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார், அண்ணாச்சி என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். என் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

“ஏ தம்பி, பூ விக்க வந்தியா, பரீட்ச வைக்க வந்தியா?”

“ரெண்டுந்தான் அண்ணாச்சி.”

“சரி, எழுதிக்கோ. நூத்தி இருவது மெஷினு. எங்க ஜி.எம். கார் ஒண்ணு. என் சைக்கிள் ஒண்ணு. அதுக்குந் தனியா மாலை வேணும், சொல்லிட்டேன்.”

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டேன். பூ வந்தால் வாங்கிக்கொள்வதாகப் பதினெட்டு வாசல்களில் சொன்னார்கள். என் போன் நம்பரை அவரவர் நோட்டில் எழுதிவைத்தார்கள். விடைகளைக் கூட்டிப் பார்த்தபோது எங்கள் பூ போதுமா என்ற பயமே வந்துவிட்டது.

எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் நான் கேட்கவில்லை. பண்டிகை என்றைக்கு என்று யாராவது போய்க் கேட்பார்களா? நாட்காட்டியில் சிவப்பில் போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் கலப்பைக்கும் மண்வெட்டிக்கும் அன்றைக்குத்தான் பொட்டு வைக்கிறோம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஒரு நாளை நம்பித்தான் பூவைச் செடியிலேயே நிறுத்தினோம். மார்க்கெட் வண்டி மூன்று நாட்களாக ஊருக்குள் வந்து ஹாரன் அடித்தது. மூன்று நாளும் நான்தான் வேண்டாம் என்று கையசைத்தேன். கடைசியாக அது வந்துபோனது அன்று மத்தியானம். அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான் அக்கா பொரியோடு வந்து இறங்கினாள்.

“என்னைக் கேட்டியா?”

அப்பா தோட்டத்திலிருந்து வந்தார். விஷயம் தெரிந்ததும் மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொட்டியில் கால் கழுவப் போய், கழுவிய காலையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

அம்மாதான் ஆரம்பித்தாள். “படிச்ச புள்ள சொன்னா சரியா இருக்கும்னு நம்பினோமே. இந்த வயசுல இவருக்கு…”

“இரும்மா” என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பினாள். “எத்தன கம்பெனிக்குப் போய்க் கேட்ட?”

“பதினெட்டு.”

“எங்க கம்பெனிக்கு வந்தியா?”

“இல்ல. அது துணிக் கம்பெனி. மெஷின் கம்பெனிக்கு மட்டுந்தான்…”

“தையல் மெஷினு மெஷின் இல்லையாடா? எங்க ஒரு ஷெட்டுல எத்தன மெஷின் இருக்குதுன்னு தெரியுமா உனக்கு? ஒவ்வொண்ணுக்கும் இன்னிக்குப் பூ வெச்சது நாங்கதான். அந்தப் பூவும் வாடல்.”

நான் ஈரச் சாக்கை இழுத்து இன்னொரு மூட்டையை மூடினேன்.

“நாலு வருசமா நான் முந்தின நாள்தான் பொரி கொண்டாறேன். நாலு வருசமா நீங்க எல்லாரும் தின்னுகினுதான் இருக்கீங்க. ஏன் முந்தின நாளேன்னு இதுக்கு முன்ன இந்த வீட்ல ஒருத்தராவது கேட்டீங்களா? ஊர்ல இருக்கற வாட்ச்மேன் எல்லாரையும் கேட்டவன், வீட்ல இருக்கற என்னக் கேட்டியா?”

அவள் சத்தமாகப் பேசவில்லை. துப்பட்டாவை உதறி, அதில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சொன்னாள். அவள் உள்ளே போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். பாடப் புத்தகத்தில் எத்தனையோ பிழைகளுக்குப் பெயர் உண்டு. இதற்கு எந்தப் பெயரும் எனக்கு நினைவு வரவில்லை.

சீனப்பா அண்ணன் கேட்ட பூ

பறித்த பூவைத் திரும்பச் செடியில் வைக்க முடியாது. விடிந்ததும் சீனப்பா அண்ணனின் குட்டியானை வண்டி வந்தது. ஜவளகிரிக்காரர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். மூட்டைகளை ஏற்றினோம். நானும் அப்பாவும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். ஓசூர் வரை அப்பா பேசிய ஒரே வார்த்தை, “கண்ணாடிய ஏத்து.” எங்கள் தளிப் பக்கத்து விடியற்காலைக் குளிர் அப்படி.

தொழிற்பேட்டை வாசல்களில் வாழைமரங்கள் தலை தொங்கிக் கிடந்தன. தெருவெல்லாம் உடைந்த பூசணிக்காய், குங்குமத் தண்ணீர். அண்ணாச்சி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சைக்கிளில் மாலை தொங்கியது.

“என்னவே தம்பி இது! நேத்தே சோலி முடிஞ்சிட்டுல்லா. நீ வருவ வருவன்னு பாத்தேன். நம்பர் எழுதுன நோட்டு நைட்டு ஷிப்டுக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டு.” பிறகு அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “ஐயாவா? மன்னிச்சிருங்க. பையன் நல்ல பையன்.”

அப்பா தலையாட்டினார். இன்னும் மூன்று வாசல்களுக்குப் போனோம். மூன்றும் பூட்டிக் கிடந்தன.

வண்டியைத் திருப்புவதற்கு முன் சீனப்பா அண்ணன் இறங்கினார். “ஆயித்து விடுங்க, ஆனது ஆச்சு. எனக்கு ரெண்டு பிடி பூ குடுங்க. வண்டிக்குப் பூஜ பண்ணணும்.”

“நீங்க நேத்தே பண்ணலையா அண்ணா?” என்று கேட்டேன்.

“நேத்து எதுக்கு? இது என் வண்டி. எனக்குப் பண்டிக இன்னிக்குத்தான். கம்பெனியில வேல செய்யறவனுக்கு மெஷினு சொந்தமில்ல, லீவு விட்டா அவன் மெஷின எங்க போய்ப் பாப்பான்?”

இதைச் சொல்லிவிட்டு அவர் சாதாரணமாகக் கண்ணாடியில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தார். எனக்கோ தலைக்குள் ஏதோ திறந்துகொண்டது. சொந்தமாக ஆயுதம் வைத்திருப்பவர்கள் பண்டிகை நாளில் கும்பிடுகிறார்கள். அடுத்தவர் ஆயுதத்தில் வேலை செய்பவர்கள் வேலை நாளில் கும்பிட்டுவிடுகிறார்கள். ஓசூரில் சொந்த ஆயுதக்காரர்கள் குறைவா என்ன?

“அப்பா, லேத்துப் பட்டறைங்க இருக்கற தெருவுக்குப் போலாமா?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சீனப்பா அண்ணனிடம், “வண்டிய விடுப்பா” என்றார்.

பட்டறை ஷட்டர்கள் பாதி திறந்திருந்தன. உள்ளே தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். எண்ணெய் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் ஒன்றாக வந்தன. லேத்துக்காரர்கள், டூவீலர் மெக்கானிக்குகள், பஞ்சர் கடை, மாவு மில், ஆட்டோ ஸ்டாண்டு, லாரி ஷெட்டு. ஒற்றைத் தையல் மெஷினோடு ஒரு டெய்லர் கடை. அந்தக் கடையில் பூவை நானே இறங்கிப்போய் வைத்தேன். ஏன் என்று அப்பா கேட்கவில்லை.

தராசு கொண்டுவரவில்லை. மூட்டை மூட்டையாக எடுக்கிற கம்பெனிக்குத் தராசு எதற்கு என்று நான்தான் வீட்டில் விட்டுவந்திருந்தேன். அப்பா இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார். ஒரு லாரிக்காரர், “என்னா பெருசு, அளவே இல்லயா?” என்றார். “என் கைதான் அளவு. இதவிடப் பெரிய கை வெச்சிருக்கறவன் இருந்தா கூப்பிடு” என்றார் அப்பா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா மண்டியில் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அங்கே அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார்.

மதியம் வரைக்கும்தான் அந்த ஓட்டம். அதற்குமேல் பூஜை முடிந்து ஷட்டர்கள் இறங்கிவிட்டன. ஆறு மூட்டை மீந்தது. வெயிலில் அடிப் பூக்கள் பழுப்பேறி, சாக்கில் கசிய ஆரம்பித்திருந்தன. ஊருக்குக் கொண்டுவந்து எருக்குழியில் கொட்டினோம்.

மாமா மறுபடி வந்தார்

மறுநாள் விஜயதசமி. மாமா இனிப்புப் பெட்டியோடு வந்தார். எருக்குழியில் மஞ்சளாகக் குவிந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“ஏன்டா, நான் தெனமும் கம்பெனிக்குள்ளதானே கெடக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!”

சிரிப்பு அடங்கியதும், “சரி, இப்ப என்னா? பேர எழுதவா?” என்றார்.

பேச்சு பேச்சுதான். நானே சொன்னேன். “எழுதுங்க மாமா. கம்பெனிக்கு விக்கறேன்னு சொன்னேன். ஒரு கம்பெனிக்குக்கூட விக்கல. ஆறு மூட்ட வேற குழிக்குப் போச்சு.”

சொல்லும்போது நேராகத்தான் நின்றேன். மேகலா மேடம் அடுத்த வாரம் ஆரம்பிப்பதாகச் சொன்ன பாடம் என்ன என்று நினைவு வந்தபோதுதான் கீழே குனிந்துகொண்டேன்.

அப்பா திரும்பினார். சுவரோரம் உட்கார்ந்து அவரைக்காய் நரம்பு கிள்ளிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

“நீ என்னாம்மா சொல்ற?”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அக்காவுக்கே தன்னைத்தான் கேட்கிறார் என்று பிடிபடச் சிறிது நேரம் ஆனது. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது அவளை யாரும் கேட்கவில்லை. துணிக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டபோதும் கேட்கவில்லை.

முறத்தைக் கீழே வைத்தாள்.

“அவன் படிக்கட்டும்பா. அவன் கணக்கு ஒண்ணும் தப்பில்ல, நாள்தான் தப்பு. நேத்து அரை நாள்ல பதினாறு மூட்ட போயிருக்குல்ல? நீங்களும் இத்தன வருசமா பூ போடறீங்க, அந்தத் தெருவுங்களுக்கு ஒரு நாளாவது போனீங்களா?”

அப்பா மோவாயைச் சொறிந்தார்.

“அப்ப அந்த எடம்?” என்றார் மாமா. “நான் ஆள் தர்றேன்னு சொல்லிட்டேனே.”

அக்கா கையில் ஒட்டியிருந்த நார்களைத் துடைத்தாள். “மாமா, அதுல பொம்பளப் புள்ளைங்கள எடுப்பாங்களா?”

“எடுக்கறாங்கதான்… யாருக்கு?”

“எனக்கு. பத்தாவது போதும்னு நீங்கதானே சொன்னீங்க.”

மாமா அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “மெஷின் ஷாப்பும்மா அது. ஷிப்டு பூரா நின்னுகினே வேல செய்யணும்.”

“நாலு வருசமா குனிஞ்சிகினே செஞ்சிட்டேன் மாமா. கொஞ்ச நாள் நின்னு பாக்கறேன்.”

அம்மா, “கல்யாணம் பண்ற வயசுல…” என்று தொடங்கினாள். அப்பா கையமர்த்தினார். “அது சொல்லட்டும்” என்றார்.

மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு மடித்த தாளையும் எடுத்தார். மாதேஷ் என்று முன்பே எழுதி வைத்திருந்த பெயரை அடித்துவிட்டு, “இனிஷியல் என்னாம்மா?” என்று கேட்டார்.

லீவு முடிந்த நாள்

புதிய கம்பெனியின் பஸ் எங்கள் ஊருக்கு வராது. முதல் நாள் இருவரும் ஒன்றாகத் தளி பஸ்ஸில்தான் போனோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சான்றிதழ்களை என்னுடைய பிளாஸ்டிக் பைலில் போட்டு மடியில் வைத்திருந்தாள். பத்தாவது மதிப்பெண் பட்டியலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கணக்கில் என்னைவிட அதிகம் எடுத்திருந்தாள்.

எனக்கு நிறையக் கேட்க வேண்டியிருந்தது. ஏன் நின்றாய், அப்போது அழுதாயா, துணிக் கம்பெனியில் முதல் நாள் எப்படி இருந்தது, நாலு வருஷம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். பஸ்ஸில் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. கண்டக்டர் கன்னடத்தில் யாரையோ உள்ளே நகரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தொழிற்பேட்டை நிறுத்தம் வந்தது. எழுந்துகொண்டாள்.

“அக்கா…” என்றேன்.

“எதுனா கேக்கணும்னா சாயங்காலம் கேளுடா” என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கு நகர்ந்தாள். “இப்ப எனக்கு நேரமாவுது.”